லேஞ்சிப் பெட்டி



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். எங்கட ஊரில் வீட்டில் மெஷின் வைத்துத் தைத்து விற்கிற பெண்கள் கட்டாயம் வாசியுங்கள். இதில் நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது.

போன மாதம் எங்கள் பாடசாலையில் மாணவர் சந்தை நடந்தது. முருங்கைக்காய், எலுமிச்சம்பழம், வடை, சர்பத்து என்று வழமையான கடைகள். தரம் 9 பிள்ளைகள் இரண்டு குழுவாகப் பிரிந்து லேஞ்சி விற்றார்கள். இரண்டு குழுவும் ஒரே தையற்கடையில் வெட்டுத்துண்டு வாங்கியவர்கள். ஓரம் மடித்து அடித்ததும் மனைப்பொருளியல் அறையில் இருக்கிற அதே மெஷினில்தான்.

முதல் குழு லேஞ்சிகளை மேசையில் குவித்து வைத்தது. ஒன்று 60 ரூபா. வந்தவர்கள் கிளறிப் பார்த்தார்கள், கசக்கினார்கள், “ஐம்பதுக்குத் தாங்க” என்றார்கள், சிலர் வாங்காமலே போனார்கள். பத்து மணிக்குள் குவியல் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது குழு பழைய கலண்டர் மட்டையில் சின்னச் சின்னப் பெட்டி செய்திருந்தது. மூடியில் சதுரமாக ஒரு யன்னல் வெட்டி, உள்ளே மூன்று நிற லேஞ்சியை முக்கோணமாக மடித்து, ஒன்றன் பின் ஒன்றாக நுனி தெரிய அடுக்கியிருந்தார்கள். மூன்றும் சேர்த்து 250 ரூபா. யாரும் விலை பேசவில்லை. அதிபர் இரண்டு வாங்கினார். இடைவேளைக்கு முன்பே முடிந்துவிட்டது.

கடை கட்டும்போது முதல் குழுவில் இருந்த ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“டீச்சர், ஒரே துணிதானே? எங்கட மூண்டு வாங்கினா 180. அவங்கட 250. பெட்டிக்குள்ள போட்டதுக்கு 70 ரூபா கூட எடுக்கிறது ஏமாத்து இல்லையா? ஹராம் இல்லையா?”

எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்ததைச் சாட்டாக வைத்து, “நாளைக்குக் கதைப்பம் மகள்” என்று அனுப்பிவிட்டேன். பதில் வராததற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் உம்மாவின் அலுமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கலாம். முன்பு புடவைக்கடைகளில் லேஞ்சி பெட்டியில்தான் வரும். ஒரு சாண் அளவு, விரல் தடிப்புக்கூட இல்லாத மட்டைப் பெட்டி. மூடியில் கண்ணாடித்தாள். உள்ளே மூன்று லேஞ்சி. கல்யாணத்துக்கு, பெருநாளுக்கு, வெளிநாடு போகிறவருக்கு என்று எல்லாவற்றுக்கும் பொருத்தமான அன்பளிப்பு அதுதான். வாப்பா பெரியகடையில் ஒரு புடவைக்கடையில் விற்பனையாளராக வேலை செய்தவர். நிக்காஹ் முடிந்து வந்த முதல் பெருநாளுக்கு உம்மாவுக்கு அவர் கொடுத்தது இந்தப் பெட்டி. வெள்ளை, இளநீலம், றோஸ். மூலையில் சின்னப் பூவேலை.

வாப்பா புத்தளத்தில் மௌத்தாகும் வரைக்கும் துணி மடிப்பதில் விட்டுக்கொடுக்க மாட்டார். முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்தபோதும் எங்கள் பாடசாலைச் சீருடையை அவர்தான் மடித்து வைப்பார். அவர் சொல்கிற விளக்கம் எனக்கு இப்போதும் பாடம்: பானைக்கு உருவம் இருக்கு, செருப்புக்கு உருவம் இருக்கு, துணிக்கு உருவம் இல்லை. அதுக்கு உருவம் கொடுக்கிறது மடிக்கிறவன்ட கை. புதுச் சேட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே எத்தனை வேலை இருக்கிறது என்று. முதுகுக்கு ஒரு மட்டை, கழுத்துப்பட்டிக்கு ஒரு சுற்று, கையைப் பின்னால் கட்ட குண்டூசி. இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு தளர்ந்த துணியை, கழுத்து நிமிர்ந்த ஒரு ஆளாகக் காட்டுகிறது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விசயம் இல்லை. அமெரிக்காவில் ஹேன்ஸ் என்ற கம்பனி 1969இல் பெண்கள் அணியும் மெல்லிய நீளக் காலுறையை ஒரு பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்து விற்கத் தொடங்கியது. றோஜர் ஃபெரிட்டர் என்ற வடிவமைப்பாளர் அந்தக் காலுறையைக் கைக்குள் வைத்துக் கசக்கிப் பார்த்தாராம். முழுவதும் ஒரு பொத்திய கைக்குள் அடங்கிவிட்டது. அந்தக் கை அளவுதான் முட்டையானது. பெயரும் ‘லெக்ஸ்’: அவர்களுடைய மொழியில் காலும் அதற்குள் இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. புடவைக்கடையில் மட்டும் விற்ற சாமான், பலசரக்கு வாங்கப் போகிற சுப்பர்மாக்கெட்டில் தனித் தட்டில் நின்று விற்பனையானது. 1991இல் குப்பை பற்றிய கவலை கூடியதால் பிளாஸ்டிக் முட்டையைக் கைவிட்டு மட்டைக்கு மாறினார்கள். ஆனால் வீடுகளில் அந்த முட்டைகள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாக, ஊசி நூல் வைக்கும் டப்பாவாகத் தொடர்ந்து இருந்தன.

தெலுங்கானாவில் சிரிசில்லா என்று ஒரு நெசவு ஊர். அங்கே நல்லா பரந்தாமுலு என்ற நெசவாளரும் பிறகு அவருடைய மகன் விஜயும் தீப்பெட்டிக்குள் மடித்து வைக்கக்கூடிய பட்டுச் சேலை நெய்து பெயர் எடுத்தார்கள். 2022இல் விஜய் அதை ஹைதராபாத்தில் அமைச்சர்கள் முன் கொண்டுபோய்க் காட்டினார். சேலை எவ்வளவு மெல்லியது என்று அவர் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை. தீப்பெட்டியே சொல்லிவிட்டது.

எங்கட யாழ்ப்பாணத்தில் இதற்கெல்லாம் முன்பே கொட்டப்பெட்டி இருந்தது. பனையோலையில் இழைத்த கைக்கடக்கமான பெட்டி. மேலுறை கீழுறை மேல் இறுக்கமாக ஏறும். பூட்டும் இல்லை, பொத்தானும் இல்லை. பழைய ஆட்கள் காசும் வெற்றிலையும் வைத்து மடியில் செருகிக்கொள்வார்கள். பனங்கட்டிக்குக் குட்டான் இருக்கிறது. உள்ளே இருக்கும் இனிப்பை விட அந்தக் குட்டான் வடிவுக்காகவே வாங்குகிற வெளிநாட்டு உறவுகளைப் பார்த்திருக்கிறேன். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை இந்தக் கைப்பணிகளுக்குப் பயிற்சியும் விற்பனையும் கொடுத்து வருகிறது. ஆனாலும் நாங்கள் தைத்ததைப் போட்டுக் கொடுப்பது இன்றைக்கும் சொப்பிங் பேக்கில்தான். 2017 செப்டம்பர் 1இல் இருந்து 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனுக்குத் தடை வந்த பிறகும் எங்கள் பழக்கம் பெரிதாக மாறவில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஹிஜாபும் லேஞ்சியும் தொழுகைத் தொப்பியும் தைத்து விற்கிறோம். எனக்குச் சம்பளம் இருக்கிறது, நான் கணக்கும் போன் ஓடர்களும் பார்க்கிறேன். மற்ற நாலு பேருக்கும் இதுதான் வருமானம். அதில் ஒரு ராத்தாவுக்கு மூன்று பிள்ளைகள், கணவர் இல்லை.

தொடக்கத்தில் ஒரு ஹிஜாபுக்குத் துணி, நூல், கூலி எல்லாம் சேர்த்து 500 ரூபா முடியும். 650க்கு விற்போம். பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தால் எல்லோரும் விலை பேசுவார்கள். 550க்கு இறங்கிவிடும். மெஷினில் குனிந்து இருந்தவளுக்கு மிஞ்சுவது முதுகு வலி.

அப்போதுதான் பனையோலை உறை யோசனை வந்தது. வடமராட்சியில் ஓலை வேலை செய்கிற ஒரு அன்ரியைத் தேடிப் போனோம். முதலில் மூடல்பெட்டி மாதிரிக் கேட்டோம். வடிவாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றுக்கு 300 ரூபா சொன்னா. அவ சொன்னதில் பிழையில்லை. குருத்தோலை வெட்டி, காயவைத்து, சாயத்தில் அவித்து, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார்ந்து, பிறகுதான் இழைக்க வேண்டும். எங்களுக்குத்தான் கட்டாது.

அன்ரி கொஞ்ச நேரம் எங்கள் ஹிஜாபை மடித்து விரித்துப் பார்த்தா. பிறகு சொன்னா:

“ரீச்சர், உங்கட சாமான் தடிப்பில்லாதது. இதுக்கேன் பெட்டி? கொட்டப்பெட்டி மாதிரித் தட்டையா ஒரு உறை இழைச்சுத் தாறன். ஓலையும் மிச்சம், நேரமும் மிச்சம்.”

120 ரூபாவுக்கு முடிந்தது. எங்களுக்கும் மடிக்கிற கலை மெல்ல மெல்ல வந்தது. பருத்தியைச் சுருட்டினால் அதிகம் கசங்காது. சிபோன் வழுக்கும், நடுவில் ஒரு மட்டை வைத்துத்தான் சுற்ற வேண்டும். ஜேர்சி துணி மடிப்பில் பொம்மும், அதற்கு உறை அரை விரல் அகலமாக இருக்க வேண்டும். முதல் மாரியில் பத்து உறை பூஞ்சணம் பிடித்துப் போனது. இப்போது வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் துணி வைக்கிறோம், மழை மாதத்தில் அதிகமாகச் சேர்த்து வைப்பதில்லை.

உறையோடு விலை 850. செலவு 620. பேரம் நின்றுவிட்டது. கொழும்பில் இருந்தும் மாத்தளையில் இருந்தும் ஓடர் வந்தது. லண்டனில் இருந்து லீவில் வந்த ஒருவர் ஒரே தடவையில் பன்னிரண்டு வாங்கினார். பொதியில் இடம் பிடிக்காது, ஊர் வாசமும் இருக்கும் என்றார். ராத்தா தன் மூத்த மகனுக்கு டியூசன் காசு கட்டினா.

இப்போது அந்தப் பிழை.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை நாற்பது ஓடர். இரவு ஒரு மணி. மடித்து உறையில் போடுவது என் வேலை. ஒரு சாம்பல் நிற ஹிஜாபில் மெஷின் எண்ணெய் பட்ட ஒரு தடம் இருந்தது. நெல்மணி அளவுதான். நான் கண்டேன். கழுவிக் காயவைக்க நேரமில்லை, வேறு துணியும் இல்லை. தடம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்தேன். உறையில் போட்டு, மேலே செலோடேப் ஒட்டி, எங்கள் லேபலையும் ஒட்டினேன். பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது.

பெருநாள் கழித்து மாத்தளையில் இருந்து ஒரு சகோதரி குரல் பதிவு அனுப்பினா. அவ கோபப்படவில்லை, அதுதான் கூட வலித்தது. அதைத் தன் மருமகளுக்குப் பெருநாள் அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறா. உறை அழகாக இருந்ததால் பிரிக்காமலே கொடுத்திருக்கிறா. மருமகள் எல்லோர் முன்னாலும் விரித்தபோது தடம் தெரிந்திருக்கிறது. “பரவாயில்ல டீச்சர், உங்களுக்குத் தெரியாமப் போயிருக்கும்” என்று முடித்தா.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் மடித்தேன்.

காசைத் திருப்பி அனுப்பினோம், புது ஹிஜாபும் அனுப்பினோம். ஆனால் அவவிடம் “தெரியாமல் நடந்தது” என்றுதான் எழுதினேன். அந்தப் பொய்யை மூன்று வாரம் கழித்துத்தான் போன் எடுத்துத் திருத்தினேன். மாணவர் சந்தையில் அந்தப் பிள்ளை “ஏமாத்து இல்லையா?” என்று கேட்ட அடுத்த நாள். அவள் கேட்டிருக்காவிட்டால் இன்னும் திருத்தியிருக்க மாட்டேன்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட சம்பவம் எங்கள் எல்லோருக்கும் மதரஸாக் காலத்தில் இருந்து தெரியும். மேலே காய்ந்த தானியம், உள்ளே விரலில் ஈரம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். நனைந்தது குற்றமாகவில்லை. நனைந்ததை மேலே வைக்காததுதான் குற்றமானது. இத்தனை வருசமாக இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். குவியலில் மட்டும் இல்லை, மடிப்பிலும் ஈரம் இருக்கும் என்று எனக்கு ஓடவில்லை.

உறை போட்ட சாமானில் இந்தப் பொறுப்பு இன்னும் கூட. குவியலில் கிடப்பதை வாங்குகிறவர் கிளறிப் பார்த்துத் தன் கண்ணை நம்பி வாங்குகிறார். உறையில் இருப்பதை எங்கள் சொல்லை நம்பி வாங்குகிறார். அதிலும் பாதி அன்பளிப்பாகப் போகிறது. கொடுப்பவர் பிரித்துப் பார்க்க மாட்டார். நாங்கள் உள்ளே மறைத்து வைத்த தடம், எங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டில், எங்களை நம்பிய ஒருவருடைய முகத்தில் போய் விழுகிறது.

அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் கணக்கை எழுதினேன். பெட்டி செய்த பிள்ளைகள் மட்டைக்குக் காசு கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு பின்னேரம் அளந்து, வெட்டி, ஒட்டி, மடித்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் யன்னலால் மூன்று துணியையும் கண்டார்கள். வீட்டுக்குப் போன பெட்டியில் இப்போது அதிபரின் மகள் கொம்பாசும் அழிறப்பரும் வைத்திருக்கிறாள். அந்த 70 ரூபா கைவேலைக்கு வந்தது. ஹராம் இல்லை என்று சொன்னேன். பிறகு, எப்போது ஹராம் ஆகும் என்பதற்கு என் சொந்தக் கதையையே சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. கேள்வி கேட்ட பிள்ளை, “டீச்சர், நீங்க இதச் சொல்லாம இருந்திருக்கலாம்” என்றாள். அதுவும் மடித்து வைக்கிற வேலைதான் மகள் என்றேன்.

அன்று நான் பிள்ளைகளுக்குக் காட்ட உம்மாவின் பெட்டியையும் கொண்டு போயிருந்தேன். அதன் கதையை உம்மா எங்களுக்குச் சொன்னது மிகக் குறைவு. அவவிடம் அனுமதி கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

1990 ஒக்டோபர் 30. எனக்கு அப்போது ஒரு வயதும் சில மாதங்களும். ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்ன நாள். வடக்கு முழுவதிலும் இருந்து 70,000க்கும் மேற்பட்ட எங்கள் மக்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். உம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் ஒரு துணிப் பையையும் எடுத்தா. பைக்குள் என் உடுப்பு, பால்மா, இந்த லேஞ்சிப் பெட்டி. லேஞ்சி மேல் ஆசையில் எடுத்த பெட்டி இல்லை. அடி மட்டைக்குக் கீழே தன் ஒரு சோடித் தோட்டை வைத்திருந்தா.

சோதித்த இடத்தில் துவக்குப் போட்ட ஒரு பெண் பிள்ளை. பதினேழு பதினெட்டு வயதிருக்கும் என்பா உம்மா. பெட்டியைத் திறந்தாள். மூன்று லேஞ்சியையும் எடுத்தாள். மட்டையைத் தூக்கினாள். தோட்டை எடுத்துக்கொண்டாள். உம்மா அழவில்லை, அழுகிற நேரமும் அது இல்லை. பின்னால் வரிசை நின்றது. ஆனால் அந்தப் பிள்ளை பெட்டியை அப்படியே வீசவில்லை. மட்டையை வைத்து, வெள்ளை, நீலம், றோஸ் என்று மூன்றையும் இருந்த மாதிரியே முக்கோணமாக மடித்து, நுனி தெரிய அடுக்கி, மூடி, உம்மாவின் கையில் கொடுத்தாள்.

“அவ எடுத்ததையும் நான் மறக்கல்ல, மடிச்சுத் தந்ததையும் மறக்கல்ல” என்று மட்டும்தான் உம்மா சொல்லுவா. அதற்கு மேல் நானும் கேட்பதில்லை. புத்தளத்தில் இருந்த காலமெல்லாம், பிறகு ஊர் திரும்பி வந்த பிறகும், அந்த லேஞ்சிகளில் ஒன்றைக்கூட உம்மா பாவித்ததில்லை. கண்ணாடித்தாள் மஞ்சளாகி ஒரு மூலை வெடித்துவிட்டது.

பிள்ளைகள் பெட்டியை அடிக்கோலால் அளந்து கொப்பியில் எழுதினார்கள். யாரும் லேஞ்சியைத் தொடவில்லை, நான் சொல்லாமலே.

இப்போது எங்கள் உறையில் மூன்று மாற்றம் செய்திருக்கிறோம். ஒன்று, செலோடேப் இல்லை. கொட்டப்பெட்டி மாதிரி இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். இரண்டு, உள்ளே ஒரு சின்ன அட்டையில், விரித்துப் பார்த்த பிறகு காசு தாருங்கள் என்று எழுதியிருக்கிறோம். தபாலில் வாங்குகிறவர்களுக்கு, அன்பளிப்பாகக் கொடுக்க முன் ஒரு தடவை விரித்துப் பாருங்கள், திரும்ப மடிப்பது இப்படி என்று படமும் போட்டிருக்கிறோம். மூன்று, தடம் பட்டது, தையல் கோணியது எல்லாம் உறை இல்லாமல், காரணம் சொல்லி, 400 ரூபாவுக்குத் தனியாக விற்கிறோம். அதுவும் போகிறது. ஆச்சரியம் என்னவென்றால் அதைத்தான் எங்கட ஆட்கள் முதலில் கேட்கிறார்கள்!

வீட்டில் தைக்கிற சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வேலையைச் சொப்பிங் பேக்கில் போட்டுக் கொடுத்துவிட்டு, விலை பேசுகிறார்கள் என்று கவலைப்படாதீர்கள். ஒரு மட்டை, ஒரு ஓலை, ஒழுங்கான ஒரு மடிப்பு போதும். எங்கள் அன்ரிக்கு இப்போது ஓடர் கூடிவிட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பழக்குகிறா. உங்களுக்கும் உறை தேவையென்றால் எனக்குச் சொல்லுங்கள், அவவிடம் கேட்டுச் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டில் மடிக்கப் பழக்குகிறோம், இன்ஷா அல்லாஹ். பெண்கள் யாரும் வரலாம். காசு இல்லை, ஒரு பழைய துணி மட்டும் கொண்டு வாருங்கள்.

உம்மாவும் இருப்பா. முக்கோண மடிப்பை அவதான் காட்டித் தருவா.

வாப்பாவுக்காகத் துஆ செய்யுங்கள்.